‘ஆனால்’ வரை படித்தவன்

என் மனைவியை நான் கடைசியாக உயிரோடு பார்த்தபோது, அவள் ஆஸ்பத்திரிக் கட்டிலில் உட்கார்ந்து ஒரு டப்பா நிறையப் பட்டன்களை என் பக்கம் தள்ளிக்கொண்டிருந்தாள்.

அவள் தையல்காரி. பட்டன்களுக்குக் குறைவில்லை. எங்கள் வீட்டில் போக்கர் சீட்டாட்டம் காசுக்குப் பதில் பட்டன் வைத்துத்தான். நோயாளிகளைப் பார்க்கும் நேரம் நாலு மணியிலிருந்து ஆறு மணி வரை. அந்த இரண்டு மணி நேரமும் சாப்பாட்டு மேசையைக் கட்டிலுக்குக் குறுக்கே இழுத்துப் போட்டுக்கொண்டு ஆடுவோம். ஆறாவது நாள் அது. எனக்கு இரண்டு ராஜாக்கள் வந்திருந்தன. மேசை நடுவில் பொதுவாகப் போடுகிற சீட்டு ஒன்றுகூட இன்னும் போடவில்லை. அதற்குள் அவள் மொத்த டப்பாவையும் தள்ளிவிட்டாள்.

இரண்டு ராஜாவை அடிக்கும் கை ஒன்றே ஒன்றுதான். இரண்டு ஏஸ். வேறு யாராக இருந்தாலும் யோசிக்காமல் சரி என்று சொல்லித் தங்கள் பட்டனையும் தள்ளியிருப்பார்கள். நான் நாற்பது வருடமாக அவளிடம் தோற்றவன். யோசித்தேன். மணி ஆறாகிவிட்டது. நர்ஸ் வந்து நின்றார்.

“நாளைக்குச் சொல்றேன்” என்றேன்.

“சொல்லுங்க. எனக்கென்ன அவசரம்? உங்க சீட்டை நீங்க எடுத்துட்டுப் போங்க, என் சீட்டு என்கிட்ட இருக்கட்டும். காலையில சாப்பிடாம இருந்துடாதீங்க.”

என் இரண்டு சீட்டும் என் சட்டைப் பைக்குள் போயின. அவளுடையவை அவளுடைய மூக்குக் கண்ணாடிக் கூட்டுக்குள் போயின.

அந்த ‘எனக்கென்ன அவசரம்’ என்பதை அவள் அதற்கு இருபத்திரண்டு வருடம் முன்னால் ஒருமுறை சொன்னாள். நான் எழுத உட்கார்ந்தது அதைத்தான்.

அப்போது நான் ஒரு கண்ணாடிக் கடையில் லென்ஸ் தேய்த்துக்கொண்டிருந்தேன். நாளுக்கு இரண்டு பாக்கெட் சிகரெட். எனக்கு இருமல் வந்தால் அடுத்த வீட்டில் கதவைத் திறந்து பார்ப்பார்கள், யாரோ தட்டுகிறார்கள் என்று. சிகரெட்டை விடச் சொல்லி என் மனைவி பதினோரு வருடம் கேட்டாள். அழுது கேட்டாள், சமைக்காமல் கேட்டாள், எக்ஸ்ரே படத்தைச் சமையலறை ஜன்னலில் ஒட்டி வைத்துக் கேட்டாள். அந்தப் படத்தின் வழியாக மூன்று மாதம் வெயில் வந்தது. நான் அசையவில்லை.

மாடியில் ஒரு லிஃப்ட் மெக்கானிக் குடியிருந்தார். எங்களுக்குப் போக்கர் சொல்லிக் கொடுத்தவர் அவர்தான். ஞாயிற்றுக்கிழமை மதியம் மூன்று பேரும் சாப்பாட்டு மேசையில் உட்காருவோம். ஆளுக்கு இரண்டு சீட்டு, யாருக்கும் காட்டாமல். நடுவில் எல்லாருக்கும் பொதுவாக ஐந்து சீட்டு, முதலில் மூன்று, பிறகு ஒன்று, பிறகு ஒன்று. ஒவ்வொரு கட்டத்திலும் பட்டன் வைக்கலாம், பயந்தால் சீட்டைப் போட்டுவிட்டுப் போகலாம். மெக்கானிக் போவார். தினமும் ஏறி இறங்குகிற வேலை, ஞாயிறாவது சும்மா உட்காருகிறேன் என்பார். கடைசியில் நானும் அவளும்தான் மிஞ்சுவோம். பிறகு அவள் மட்டும் மிஞ்சுவாள்.

இந்த நிலையில்தான் எனக்கு ஞானம் கிடைத்தது. தையலுக்கு அளவு வெட்டிக்கொள்ள அவள் பழைய காகிதக் கடையில் கட்டுக் கட்டாக வாங்கி வருவாள். அப்படி எப்போதோ வந்த ஒரு கட்டின் அடியில் பாதிப் புத்தகம் ஒன்று கிடைத்தது. அட்டை இல்லை, பின்பாதி இல்லை. ஆனால் போக்கர் புத்தகம். நான் பள்ளிக்கூடத்தில் அதிகம் படித்தவன் இல்லை. கையில் கிடைப்பதைப் படித்துத் தேறியவன். கிடைத்த பாதியை மனப்பாடம் செய்தேன்.

அதன் கடைசிப் பக்கத்தில் ஒரு பொன்னான விதி இருந்தது. ‘முதல் இரண்டு சீட்டிலேயே பலமான கை அமைந்துவிட்டால் ஆரவாரம் செய்யாதே. பட்டென்று பந்தயத்தை ஏற்றாதே. ஒன்றுமில்லாதவன் போல இரு. எதிராளி தானாக வந்து விழுவான். ஆனால்’

அத்தோடு பக்கம் முடிந்துவிட்டது.

‘ஆனால்’ என்று தொடங்குகிற வாக்கியம் ஒரு மனிதனுக்கு என்ன செய்யும் என்பது கல்யாணமான எனக்குத் தெரிந்திருக்க வேண்டும். விட்டுவிட்டேன். அடுத்த ஞாயிற்றுக்கிழமை இவளை வீழ்த்துவது என்று தீர்மானித்தேன். சாதாரணத் தீர்மானமில்லை. முகம் பார்க்கும் கண்ணாடி முன்னால் நின்று, ஒன்றுமில்லாதவன் முகத்தை நாலு நாள் பழகினேன். பெரிய சிரமமில்லை, இருக்கிற முகமே போதுமானதாக இருந்தது.

ஞாயிறு வந்தது. சீட்டைத் தூக்கிப் பார்த்தேன். இரண்டு ஏஸ். அதற்கு மேல் ஒரு கை கிடையாது. உள்ளே மேளம் கொட்டியது. வெளியே மூக்குக் கண்ணாடியைக் கழற்றிச் சட்டை நுனியில் துடைத்துக்கொண்டேன்.

அவள் இரண்டு பட்டன் வைத்தாள். நானும் இரண்டே பட்டன் வைத்தேன். மெக்கானிக் சீட்டைப் போட்டுவிட்டார். நடுவில் மூன்று சீட்டு விழுந்தன: ராஜா, ஒன்பது, ஐந்து. அவள் எதுவும் வைக்கவில்லை. நானும் வைக்கவில்லை. பெருமூச்சு மட்டும் விட்டேன். நாலாவது சீட்டு மூன்று. பாவம், ஒன்றுக்கும் உதவாத சீட்டு. அவள் நெற்றியைத் தேய்த்தாள். நான் ஒரே ஒரு பட்டன் வைத்தேன், பிச்சை போடுவது போல. ரொம்ப நேரம் யோசித்து அவளும் ஒன்று வைத்தாள். ஐந்தாவது சீட்டு ஆறு.

பொறியை மூடுகிற நேரம். என்னிடமிருந்த மொத்தப் பட்டனையும் நடுவில் தள்ளினேன்.

அவள் அந்தக் குவியலைப் பார்த்தாள். “பட்டனை வெச்சு நீங்க என்ன செய்யப் போறீங்க? வேற ஏதாவது வைப்போம்.”

“என்ன வைக்கலாம்?”

“நீங்க ஜெயிச்சா, சிகரெட்டைப் பத்தி நான் இந்த ஜென்மத்துல வாயைத் திறக்க மாட்டேன். நான் ஜெயிச்சா நீங்க விட்டுடணும். இன்னைக்கே.”

பதினோரு வருடத் தொல்லை ஒரே ஆட்டத்தில் ஒழிகிறது. கையில் இரண்டு ஏஸ். நான் மெக்கானிக்கைச் சாட்சிக்கு வைத்தேன். அவர் தயங்கினார். “அண்ணே, அண்ணி ரொம்ப சாதுவா பேசறாங்க. எனக்கு என்னமோ சரியாப் படல.” பயந்தவன் பேச்சு என்று தள்ளிவிட்டேன்.

ஏஸ்களை ஒவ்வொன்றாக, மெதுவாக, மேசையில் வைத்தேன். அவள் தன் சீட்டைத் திருப்பினாள். இரண்டுமே மூன்று. நடுவில் ஒரு மூன்று. ஆக மூன்று மூன்று. எந்த ஜோடியையும் அது அடித்துவிடும்.

மெக்கானிக் எழுந்து வந்து என் சட்டைப் பையிலிருந்த பாக்கெட்டை எடுத்து அவளிடம் கொடுத்தார். சாட்சியின் வேலை அது என்று அவருக்கு யார் சொன்னார்களோ.

“முதல்லயே ஆறு பட்டனைத் தள்ளியிருந்தா நான் விட்டுட்டுப் போயிருப்பேன்” என்றாள். “வெறும் ரெண்டு மூணை வெச்சுக்கிட்டு யாரு சண்டைக்கு நிப்பா? நீங்கதான் சும்மா பாக்க விட்டீங்க. பாத்தேன்.”

“என் கை பலமான கைன்னு உனக்குத் தெரியுமா?”

“நல்ல கை வந்தா நீங்க கண்ணாடி துடைப்பீங்க. லென்ஸ் தேய்க்கிறவர், பழக்கம் விடுமா?”

பிறகு தையல் மெஷின் பக்கம் போய் ஒரு காகிதத்தை எடுத்து வந்தாள். ரவிக்கைக் கைக்கு அளவு வெட்டிய காகிதம். ஒரு ஓரம் வளைவாகப் போயிருந்தது. மிச்சத்தில் எழுத்து இருந்தது. என் பாதிப் புத்தகத்தின் அடுத்த பக்கம். ‘சும்மா சீட்டுப் பார்க்க விட்டால், செத்த கையும் பிழைத்துக்கொள்ளும். ஆகவே பலமான கையை முதலிலேயே’ என்பது வரை இருந்தது. அதற்கப்புறம் கத்தரி.

எட்டு மாதமாக அது அவளிடம் இருந்திருக்கிறது. நான் கண்ணாடி முன்னால் நின்று முகம் பழகியதைச் சமையலறையிலிருந்து பார்த்தும் இருக்கிறாள்.

எனக்கு ஒரே ஒரு சந்தேகம்தான் பாக்கி இருந்தது. “அந்த மூணு வரலைன்னா?”

“அடுத்த ஞாயித்துக்கிழமை. அதுவும் இல்லைன்னா அதுக்கு அடுத்தது. எனக்கென்ன அவசரம்?”

மெதுவாக ஆடியது நான் இல்லை என்று அப்போதுதான் புரிந்தது.

விட்டேன். சிரமப்பட்டுத்தான் விட்டேன். முதல் மூன்று மாதம் வாய் சும்மா இருக்கவில்லை. இரண்டு கோட் பட்டன்களைக் கடித்தே கெடுத்தேன். அவள் திட்டவில்லை. பெரிய பட்டனாகப் பார்த்து எடுத்துக் கொடுத்தாள், விழுங்கிவிடக் கூடாதென்று. போன மாதம் டாக்டர் என் புது எக்ஸ்ரேயை விளக்கு முன்னால் பிடித்து, இந்த வயதுக்கு இது அதிசயம் என்றார். நான் மருந்து எதுவும் சாப்பிடவில்லை, மூன்று மூன்றிடம் தோற்றேன் என்றேன். அவர் என்னைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு வயதை மறுபடி கேட்டார்.

அந்த ஆறாவது நாள், ராஜாக்களோடு ஆஸ்பத்திரியிலிருந்து வந்து படுத்து, விடிவதற்குள் முடிவு செய்துவிட்டேன். சரி என்று சொல்லிவிடுவது. ஏஸாக இருந்தால் இருக்கட்டும். காலையில் சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது போன் வந்தது. இதயம் நின்றுவிட்டது என்றார்கள்.

அவளுடைய சாமான்களை ஒரு பையில் போட்டுக் கொடுத்தார்கள். பட்டன் டப்பா, மிச்சச் சீட்டுக் கட்டு, சீப்பு, கூட்டோடு மூக்குக் கண்ணாடி. கூட்டைத் திறக்க எனக்கு நாலு மாதமானது. அந்த லென்ஸ் நான் தேய்த்தது. அதைத் துடைத்து வைத்துவிட்டு, அடியிலிருந்த இரண்டு சீட்டையும் திருப்பினேன்.

ஒரு ஏழு, ஒரு இரண்டு. வேறு வேறு ஜாதி. போக்கரில் அதைவிட மோசமான கை கிடையாது.

மேலே போய் மெக்கானிக்கிடம் காட்டினேன். ரொம்ப நேரம் கையில் வைத்திருந்தார். “அண்ணி ஜெயிக்க ஆடல, அண்ணே. உங்களை நாளைக்கும் வர வைக்க ஆடியிருக்காங்க” என்றார்.

கீழே வந்து, அந்த இரண்டையும் என் இரண்டு ராஜாக்களையும் கட்டோடு சேர்த்து வைத்தேன். ஐம்பத்திரண்டு சீட்டும் சரியாக இருக்கின்றன.