என் கட்டைவிரலும் இளகிய ஷூவும்

என் கால் கட்டைவிரலுக்கு அடங்குவதில்லை என்று முடிவெடுத்தேன். வீட்டில் ஏற்கெனவே ஒருத்திக்கு அடங்கியாயிற்று. இன்னொரு எஜமான் தாங்காது.

ஐம்பத்தாறு வயதில் ஞாயிறுதோறும் பாறை ஏறுகிறவன் நான். விரல் மூட்டு எலுமிச்சம்பழம் போலப் புடைத்து, உள்ளே தேய்ந்தும் போயிருந்தது.

"அகலமான ஷூ போடுங்க. நடுநடுவே கழற்றி ஐஸ் வைங்க. ஒரு மாசத்துல வலி குறையலேன்னா பாறையை மறந்துடுங்க" என்றார் டாக்டர்.

பக்கத்தில் மனைவி இருந்தாள். அதுதான் தப்பு.

"பெரிசா ஒரு ஷூ வாங்குங்களேன்."

"உனக்கென்ன தெரியும்? என் கால் ஒன்பது, ஷூ ஏழு. இறுக்கமா இருந்தாத்தான் பாறையில பிடி கிடைக்கும். தோல் போகப்போக இளகிடும்."

"எந்தத் தோல்? ஷூவோடதா, உங்களோடதா?"

"பேசாம போய் சாமி கும்பிடு."

போனாள். அவள் பேசாமல் போனாலே எனக்குப் பயம்.

வலியை மறைத்தேன். வீட்டுக்குள்ளும் தடித்த சாக்ஸ். நொண்டல் வந்தால் பாட்டை முணுமுணுத்துத் தாளமாக்கிவிடுவேன்.

"அப்பா ஏன் ஆடிக்கிட்டே குளிக்கப் போறார்?" என்றாள் மகள்.

"சந்தோஷம்மா" என்றேன். கண்ணில் நீர்.

மூன்றாம் வாரம் அதிசயம். ஷூ வெண்ணெயாய்க் காலில் ஏறியது. வலி பாதிகூட இல்லை. பாறையேறும் கிளப்பில் சின்ன ஷூவின் பெருமையைப் பிரசங்கமே செய்தேன். கேட்ட இரண்டு பேர் சின்ன ஷூ வாங்கி இன்றும் நொண்டுகிறார்கள். கெடு முடிந்த ஞாயிறு, இரண்டு வருஷமாய் என்னை உதறித் தள்ளிய செங்குத்துப் பாறையின் உச்சியைத் தொட்டேன்.

வீட்டுக்கு வந்து மார்தட்டினேன்.

"பார்த்தியா? இளகிடுச்சு!"

"கடவுள் இருக்கார்ங்க."

"கடவுளா? எல்லாம் என் பொறுமை!"

"சரிங்க. ஷூ நாக்கைத் தூக்கிப் பாருங்க."

தூக்கினேன். உள்ளே நம்பர் ஒன்பது.

"அதே மாதிரி, அதே நிறம் கடையில கிடைச்சுது. மண்ணுல புரட்டிப் பழசாக்கத்தான் நாலு நாள் ஆச்சு. நீங்க நம்பரைப் பார்த்துடக் கூடாதேன்னு தினமும் வேண்டிக்கிட்டேன்."

"என் பழைய ஷூ எங்கே?"

"என் கால் ஏழுதானே? கச்சிதமா இருக்கு. உங்க கிளப்புல புதன்கிழமை பெண்கள் வகுப்புக்குப் போட்டுக்கிறேன்."

"நீயா? பாறையா? அந்தச் செங்குத்துப் பாறைப் பக்கம் மட்டும் போயிடாதே, ஆமா!"

"போன புதனே உச்சிக்குப் போயிட்டு வந்துட்டேங்க. உங்க மனசு நோகுமேன்னுதான் சொல்லலை."