தொண்ணூற்றொன்பது லட்சம் ஆட்டமும் ஈவாவின் சம்பந்தமும்

பந்தல்குடி,
22.4.1996

கர்த்தருக்குள் அன்பான மைத்துனன் கிறிஸ்டோபருக்கு அத்தான் தங்கசாமி எழுதுவது. இங்கு உன் அக்கா ரெஜினா, மகள் ஈவா, நான் மூவரும் ஆண்டவர் கிருபையால் உடம்பளவில் சுகம். மெட்ராஸில் நீயும் அப்படியே இருப்பாயென நம்புகிறேன். மனசளவில் நாங்கள் எப்படி என்பதைக் கீழே விவரிக்கிறேன்.

நீ கிறிஸ்மஸுக்கு அனுப்பிய டிவி கேம் சம்பந்தமாக. 1985இல் விருதுநகர் பொருட்காட்சியில் காசு போட்டு ஆடும் மிசினில் ஆரம்பித்து, பதினோரு வருடமாக வீடியோ கேம் ஆடி வருகிறவன் என்ற முறையிலும், தாலுகா ஆபீசில் ரெக்கார்டு சரிபார்த்தே ரிடையரானவன் என்ற முறையிலும் சில உண்மைகளைத் தெரிவிக்கக் கடமைப்பட்டுள்ளேன். கேசட்டின் மேல் தொண்ணூற்றொன்பது லட்சத்துச் சொச்சம் ஆட்டம் என்று அச்சிட்டிருக்கிறது. நம்பர் வாரியாக ஆயிரத்து இருநூற்று நாற்பது வரைக்கும் சரிபார்த்தேன். மொத்தமே ஏழு ஆட்டம்தான். அந்த ஏழு பேரே சட்டையை மாத்திக்கிட்டு மறுபடி மறுபடி வாராங்க. அட்டைப்பெட்டிப் படத்தில் நெருப்புக் கக்குகிற பாம்பு ஒன்று இருக்கிறது. நாலு மாதமாகத் தேடுகிறேன், அது உள்ளே இல்லை. முதல் ரிமோட்டில் இருக்கிற ஸ்டார்ட் பட்டன் ரெண்டாவது ரிமோட்டில் கிடையாது. அதாவது ரெண்டாவது ஆளுக்கு ஆரம்பிக்கவும் அதிகாரமில்லை, நிறுத்தவும் அதிகாரமில்லை. கல்யாணமான வீட்டில் இது புதுசில்லை என்றாலும், ஒரு கம்பெனி இதைப் பிளாஸ்டிக்கில் வார்த்துத் தரக் கூடாது. இருந்த ஒரு ஸ்டார்ட் பட்டனும் பொங்கலுக்கு முந்தியே உள்ளே அமுங்கிப் போச்சு. ஊக்கு வச்சு நோண்டினால்தான் ஆட்டம் ஆரம்பிக்கும். நடுவில் நிறுத்தணும்னா ஊக்கெடுக்க மூணாவது கை வேணும். விட்ட இடத்திலிருந்து நாளைக்கு ஆடலாம் என்ற வசதியும் கிடையாது. கரண்டு போனால் முதலிலிருந்து வரணும். நம்ம ஊர்ல கரண்டு எப்படிப் போகும்னு அந்தக் கம்பெனிக்காரன் ஒரு வார்த்தை விசாரிச்சிருக்க வேண்டாமா?

இதனால் நேற்று நடந்ததைக் கேள். ஈவாவைப் பார்க்கப் பாலவனத்தத்திலிருந்து ஜான்ராஜ் வாத்தியாரும் அவுக சம்சாரம் ஞானப்பூவும் மகன் சாம்ராஜும் ஒரு மணி பஸ்ஸுக்கு வருவதாகப் பேச்சு. பதினொரு மணி பஸ்ஸுக்கே வந்துட்டாக. உன் அக்கா அந்த நேரம் டாங்கி ஆட்டத்தில் முப்பத்தி நாலாவது ஸ்டேஜில் இருக்கா. மொத்தமே முப்பத்தஞ்சுதான். "ஏங்க, அவுகள உக்காரச் சொல்லுங்க. ரெண்டு டாங்கிதான் பாக்கி" என்றாள், திரும்பாமலே. உக்காரச் சொன்னேன். ஞானப்பூ அம்மா கொஞ்ச நேரம் மரியாதையாகத்தான் பார்த்தாக. அப்புறம் "மதினி, பின்னாடி வாரான், பின்னாடி!" என்று சத்தம் போட்டு, நான் வச்சுட்டு எந்திரிச்ச ரெண்டாவது ரிமோட்டைக் கையில் எடுத்துட்டாக. எடுத்தவுக எதிரியைச் சுடாமல் நம்ம கோட்டையையே சுட்டுட்டாக. கோட்டை விழுந்தால் ஆட்டமே முடிஞ்சுது, மறுபடி முதலிலிருந்து வரணும். நம்ம குண்டு பட்டு நம்ம கோட்டையே விழுகிற மாதிரி ஒரு ஆட்டத்தைச் செஞ்சவன் என்ன மனுசன்!

"முப்பத்தி நாலு ஸ்டேஜு! கண்ணு என்ன அவிஞ்சா போச்சு?" என்றாள் உன் அக்கா.

ஞானப்பூ அம்மா ரிமோட்டைக் கீழே வச்சாக. "வாங்க போவோம்" என்றாக. வாத்தியார் என்னைப் பார்த்தார், நான் வாத்தியாரைப் பார்த்தேன். சாம்ராஜ் மட்டும் வாசல் வரைக்கும் திரும்பித் திரும்பிப் பார்த்துக்கிட்டே போனான். ஈவா பட்டுச்சேலையோட காபித் தட்டை ஏந்திக்கிட்டு அடுப்படி நிலையிலேயே நிக்கிறா. அஞ்சு காபியையும் நானே குடிக்க வேண்டியதாப் போச்சு. சாயங்காலம் அவளிடம், "பையனைப் புடிச்சிருந்துச்சாம்மா?" என்று கேட்டேன். "இனிமே கேட்டு என்னப்பா செய்ய?" என்று முகத்தைத் திருப்பிக்கிட்டா. அதுக்கு மேல எனக்குத் தாங்கல, மாப்ளே. செட்டைச் சாக்கில் கட்டி வைத்திருக்கிறேன். மெட்ராஸுக்கு லோடு ஏற்றிப் போகும் பால்பாண்டியின் லாரியில் வியாழக்கிழமை இந்தக் கடிதத்தோடு வந்து சேரும். கடைக்காரன் முகத்திலேயே எறிந்துவிட்டு வா. ஒரு குடும்பம் நாசமாப் போச்சுன்னு சொல்லு.

உன் வேலையையும் உன்னையும் ஆண்டவர் தமது கண்மணியைப் போலக் காப்பாராக. அக்கா விசாரித்ததாக எழுதச் சொல்லவில்லை, இருந்தாலும் எழுதுகிறேன்.

இப்படிக்கு,
அத்தான் தங்கசாமி

பின்குறிப்பு: இன்று புதன்கிழமை. காலையில் முதல் பஸ்ஸில் ஞானப்பூ அம்மா தனியாக வந்து இறங்கினாக. பழைய சண்டைக்குத்தான் வாராகளோன்னு நான் கதவோரமா நின்னேன். நேரே உன் அக்காவிடம் போய், "மதினி, மூணு நாளாத் தூக்கமில்ல. அந்த முப்பத்தஞ்சுல என்னதான் இருக்கு?" என்றாக. ரெண்டு பேரும் சாக்கை அவிழ்த்து உக்காந்தாக. அதிசயமாகக் கரண்டும் போகல. பன்னிரண்டு மணிக்கு முப்பத்தஞ்சும் முடிஞ்சுது. முடிஞ்சதும் மறுபடி ஒன்னாவது ஸ்டேஜ் வந்துட்டுது. ஒரு வணக்கம் கிடையாது, ஒரு நன்றி கிடையாது. ரெண்டு பேரும் சேர்ந்து அந்தக் கம்பெனிக்காரனை ஒரு மணி நேரம் ஏசினாக. ஏசி முடிக்கிறதுக்குள்ள கல்யாணத் தேதியும் பேசி முடிச்சுட்டாக. மே இருபத்தி மூணு, வியாழக்கிழமை. லீவு போட்டுட்டு வந்துரு. செட்டு வராது. கடைக்காரனை ஒன்னும் சொல்லிறாத. சம்பந்தியம்மா இன்னும் கிளம்பல, இப்ப நாலாவது ஸ்டேஜ். மதியச் சோத்துக்கு ஈவாவும் நானும் உப்புமா கிண்டப் போறோம்.