ஒத்தாசை ஏற்றிவிட்ட வண்டி

விழுப்புரம் ஜங்ஷனில் ஐம்பதுகளின் கடைசியில் ரயில் ஏறியவர்களை இரண்டே வகையாகப் பிரித்துவிடலாம். போக வேண்டிய ஊருக்குப் போய்ச் சேர்ந்தவர்கள் ஒரு வகை. ஒத்தாசையின் கண்ணில் பட்டவர்கள் இன்னொரு வகை.

அவருக்குப் பெற்றோர் வைத்த பெயர் எங்கள் யாருக்கும் தெரியாது. எங்கள் பக்கம் மல்லாட்டை என்று சொல்கிற வேர்க்கடலை மண்டியில் மூட்டை எடை போடுகிற வேலை. மண்டி திறக்க ஒன்பது மணி ஆகும். இவர் ஆறரைக்கே ஸ்டேஷனில் ஆஜர். "ஒரு ஒத்தாசை பண்ணட்டுங்களா?" என்று கேட்பார். நாம் பதில் சொல்வதற்குள் நம் பெட்டி அவர் தலையில் இருக்கும். காலணா வாங்க மாட்டார். பிழைப்புப் போகிறதே என்று போர்ட்டர்கள் எல்லாரும் சேர்ந்து ஸ்டேஷன் மாஸ்டருக்கு ஒரு மனு எழுதினார்கள். அதை உள்ளே கொண்டுபோய்க் கொடுக்கக் கூச்சப்பட்டுக்கொண்டு நின்றபோது, "இன்னாத்துக்கு நிக்கிறீங்க, குடுங்க" என்று வாங்கிப் போய்க் கொடுத்தவரும் இவரே.

விழுப்புரத்தில் தண்டவாளம் ஐந்து பக்கம் பிரிகிறது. ஒத்தாசைக்கு வேகம்தான் முக்கியம். எந்தப் பக்கம் என்பது அப்புறம். மாமனாரை வழியனுப்ப வந்த ஒரு மாப்பிள்ளையை, வண்டி நகர்கிற அவசரத்தில், இடுப்பைப் பிடித்துத் தூக்கி உள்ளே போட்டுவிட்டார். மாமனார் பிளாட்பாரத்தில் நின்று கையாட்டினார். மாப்பிள்ளை பண்ருட்டியில் இறங்கித் திருதிருவென்று விழித்துக்கொண்டிருந்தபோது, அடுத்த வண்டியில் ஒத்தாசை வந்து இறங்கினார், கூட்டிப்போக.

அங்கேதான் எனக்கு அவர்மேல் ஆச்சரியம் தொடங்கியது. நல்லது நினைத்து ஏடாகூடமாகச் செய்துவிடுகிறவர்கள் ஊருக்கு நூறு பேர் இருப்பார்கள். செய்ததன் பின்னாலேயே வண்டி பிடித்துப் போகிற ஆள், நான் பார்த்தவரை, இவர் ஒருவர்தான்.

நான் அப்போது திண்டிவனத்தில் ஓர் ஆபீசில் குமாஸ்தா, குடித்தனம் விழுப்புரத்தில். தினமும் காலையில் மெட்ராஸ் வண்டியில் போவேன். ஒரு நாள் வண்டி நகரப்போகிற சமயம், தகரப் பெட்டி ஒன்று ஜன்னல் வழியாக என் மடியில் வந்து விழுந்தது. தொடர்ந்து வாசல் வழியாக ஐம்பது வயதுப் பெண்மணி ஒருவர் ஏற்றப்பட்டார்.

"சார், இவங்க புள்ள கப்பலேர்றானாம். அம்மாவைப் பத்திரமாப் பாத்துக்குங்க!" பிளாட்பாரத்தில் ஓடிக்கொண்டே கத்தினார் ஒத்தாசை.

அந்த அம்மாள் பெயர் மைமூன். ஊர் கோட்டக்குப்பம். ஒரே மகன் காதர் பினாங்கில் ஒரு கடைக்கு வேலைக்குப் போகிறான். காகிதப் பரிசோதனை, ஊசி என்று இரண்டு நாள் முன்பே துறைமுகத்துக்குப் போய்விட்டான். இதையெல்லாம் சிரிக்கச் சிரிக்கச் சொல்லிக்கொண்டு வந்தவர், முண்டியம்பாக்கம் தாண்டியதும் கேட்டார்: "தம்பி, நாகப்பட்டணம் எத்தினி மணிக்குப் போவும்?"

எதிரே வேர்க்கடலை உரித்துக்கொண்டிருந்தவர் கையை நிறுத்திவிட்டார். நாகப்பட்டினம் தெற்கே. வண்டி வடக்கே பறந்துகொண்டிருந்தது. திண்டிவனத்துக்கு முன்னால் எங்கும் நிற்காது.

நான் சொன்னேன். எப்படிச் சொன்னேன் என்று நினைவில்லை. அவர் அழவில்லை. "என் தம்பி கூஜால தண்ணி பிடிக்கப் போனான். அவன் என்னைத் தேடிக்கினு நிப்பானே" என்றார்.

திண்டிவனத்தில் இறங்கி, ஆபீசை மறந்து, அவரோடு பெஞ்சில் உட்கார்ந்தேன். முக்கால் மணி நேரத்தில் ஸ்டேஷன் வாசலில் ஒரு மல்லாட்டை லாரி வந்து நின்றது. மூட்டைகளின் மேலிருந்து முதலில் குதித்தவர் ஒத்தாசை. பின்னால் கூஜாவோடு அந்த அம்மாளின் தம்பி ரஹீம் பாய் இறங்கினார், இறங்கும்போதே திட்டிக்கொண்டிருந்தார்.

"யார்யா உன்னக் கூப்பிட்டது? நாங்க கேட்டமா? பேஜாரு புடிச்சவனே!"

"கப்பல்னா மெட்ராஸுன்னு நெனச்சிட்டேம்மா" என்று அந்த அம்மாளிடம் மட்டும் சொன்னார் ஒத்தாசை. பெட்டியை எடுத்துத் தலையில் வைத்துக்கொண்டு, அதே லாரியில் அவர்களோடு கிளம்பிவிட்டார்.

பிறகு நடந்ததை ரஹீம் பாய் சொல்லித்தான் தெரியும். விழுப்புரத்தில் வேறு வண்டி பிடித்து, மாயவரத்தில் மாறி, நாகப்பட்டினம் போனபோது சூரியன் இறங்கிக்கொண்டிருந்தது. கப்பல் கிளம்பிவிட்டிருந்தது. கடலில் ஒரு விரல் நீளத்துக்குத் தெரிந்ததாம். அந்த அம்மாள் மணலில் உட்கார்ந்துவிட்டார். ஒத்தாசை முழங்கால் தண்ணீரில் இறங்கி, துண்டை அவிழ்த்து, அந்த விரல் நீளம் மறைகிறவரை ஆட்டிக்கொண்டே நின்றாராம்.

"அங்கேர்ந்து எவனுக்குத் தெரியும் சார்? ஆனா ஆட்டறான். அதோட எனக்கும் திட்டறதுக்கு வாய் வரல" என்றார் பாய்.

மன்னிப்புக் கேட்டுவிட்டு ஊர் திரும்பியிருந்தால் இதை எழுத வேண்டியதே இல்லை. ஒத்தாசை அடுத்த ஞாயிற்றுக்கிழமை கோட்டக்குப்பத்துக்குப் போனார். கதவைச் சாத்திவிட்டார்கள். தெருவில் நின்றுவிட்டு வந்தார். அதற்கடுத்த ஞாயிறும் அப்படியே. மூன்றாவது ஞாயிறு அந்த அம்மாளே கதவைத் திறந்து, "மவன் காயிதம் போட்டுக்கிறான். படிக்கத் தெரியுமா?" என்று கேட்டார். அன்றிலிருந்து காதரின் கடிதம் எல்லாம் படிப்பதும் பதில் எழுதுவதும் இவர் பொறுப்பு. படிக்கத் தெரிந்தவர்கள் அந்தத் தெருவிலேயே நாலு பேர் இருந்தார்கள் என்பது வேறு விஷயம்.

அந்த முதல் பதில் எழுதிய அன்று, துணைக்கென்று என்னையும் இழுத்துப் போயிருந்தார். அந்த அம்மாள் சொல்லச் சொல்ல எழுதினார்.

"வழியில ரயிலு லேட்டாயிடிச்சி, அதான் வர முடியலன்னு எழுது தம்பி."

ஒத்தாசை பேனாவை நிறுத்தினார். "ரயிலு கரெக்டாத்தாம்மா வந்திச்சி."

"அட, எழுதேன். புள்ளைக்கு உம்மேல கோவம் வரப்போவுது."

"வரட்டும்மா."

எழுதினார். எனக்கு இன்னும் நினைவிருக்கிறது: 'உன் தாயாரைத் தவறான வண்டியில் ஏற்றியவன் நான். இதை எழுதுகிறவனும் நான்.' என் ஆபீசில் பெரிய பெரிய அதிகாரிகள் தங்கள் தப்பை மூன்று பக்கத்துக்குச் சுற்றி வளைத்து எழுதுவதை நகல் எடுத்தவன் நான். இரண்டு வரியில் முடித்தவரைப் பார்த்து எனக்கு எழுந்து நிற்க வேண்டும் போலிருந்தது.

நாலு வருஷம் ஞாயிறு தவறவில்லை. காதர் மெட்ராஸ் துறைமுகத்தில் வந்து இறங்குகிறான் என்று கடிதம் வந்ததும், அந்த அம்மாளையும் ரஹீம் பாயையும் ஒத்தாசையே கூட்டிப்போனார், மூன்று நாள் முன்னாலேயே. துறைமுகத்துக் காவல்காரர் இவர்களை விரட்டி விரட்டி, கடைசியில் தானே டீ வாங்கிக் கொடுக்கிற அளவுக்குச் சிநேகிதமாகிவிட்டாராம்.

காதர் இறங்கி அம்மாவைக் கட்டிக்கொண்டு அழுது முடித்தபின், ஒதுங்கி நின்ற ஆளைப் பார்த்தான்.

"நீங்கதானா அது?"

"நான்தாம்பா."

அவன் பையில் கைவிட்டு ஒரு சின்னப் பித்தளை டப்பாவை எடுத்துக் கொடுத்தான். திசைகாட்டி.

"வடக்கு எது தெக்கு எதுன்னு காட்டும்ணே. யாரையாச்சும் ஏத்தறதுக்கு முன்னாடி ஒரு தரம் பாத்துக்குங்க."

துறைமுகமே சிரித்ததாம். ஒத்தாசை மட்டும் அழுதாராம்.

அதை ஒரு கயிற்றில் கோத்துக் கழுத்தில் மாட்டிக்கொண்டார். ஸ்டேஷனுக்கு வருவதை நிறுத்துவார் என்று போர்ட்டர்கள் ஆசையாக எதிர்பார்த்தார்கள். அவரா நிறுத்துவார்? முன்னே பதிலுக்குக் காத்திராமல் தூக்கியவர், இப்போது நாலு தரம் கேட்டுவிட்டுத் தூக்கினார்; அவ்வளவுதான். கேட்டு முடிப்பதற்குள் சிலருக்கு வண்டியே போய்விட்டது என்றும் ஒரு பேச்சு உண்டு.

அறுபத்து நாலில் எனக்கு மெட்ராஸுக்கு மாற்றலாயிற்று. மூட்டை முடிச்சுகளோடு ஸ்டேஷனுக்குப் போனேன். ஒத்தாசை நாலு தரம் கேட்டார். திசைகாட்டியைத் திறந்து, எஞ்சின் நின்ற பக்கம் திரும்பிப் பார்த்து, "வடக்குதான் சார், கரெக்டு" என்றார். பிறகுதான் பெட்டியைத் தொட்டார்.

வண்டி நகர்ந்தது. ஜன்னலோடு ஓடிவந்தார்.

"சார்! மெட்ராஸ்தானே? நல்லாத் தெரியுமா சார்?"

தலையை மட்டும் ஆட்டினேன். வாயைத் திறந்திருந்தால், 'தெரியாது' என்று சொல்லி இறங்கியிருப்பேன்.