இறங்குதுறையில் இருபது நிமிட ஆன்மீகம்

ஞானம் பெறுவதற்கு மனிதகுலம் மலைக்குகை, ஆற்றங்கரை, பாலைவனம் என்று எத்தனையோ இடங்களைத் தேர்ந்தெடுத்திருக்கிறது. குடாவைக் கடந்து மூதூருக்குப் போகும் லோஞ்சிப் படகுக்குக் காத்திருக்கும் திருகோணமலை இறங்குதுறையை மட்டும் ஒருவரும் தேர்ந்தெடுக்கவில்லை. தொண்ணூற்றேழாம் ஆண்டு ஆனி மாதத்தில் அந்தக் குறையை எமது நிறுவனம் தீர்த்து வைத்தது. 'அன்றாட இடர்களினூடே ஆன்மீக விழிப்பு' என்னும் திட்டத்தின் கள இணைப்பாளர் நான்தான்.

துறை எப்படி இயங்கியது என்பதை முதலில் விளக்கிவிடுகிறேன். அது விளங்கினால்தான் எமது சாதனையின் பருமன் தெரியும். பகல் லோஞ்சி இரண்டு மணிக்கு. அதற்கடுத்தது மறுநாள் காலையில்தான். ஏறுவதற்கு முன் கடற்படையினர் அடையாள அட்டையைப் பார்த்து, மூட்டை முடிச்சையெல்லாம் அவிழ்த்துச் சோதிப்பார்கள். அதற்கு மூன்று மணி நேரம் ஆகும். அந்த வெயிலில் யாரால் நிற்க முடியும்? ஆகவே சனங்கள் செருப்பை நிறுத்தினார்கள். ஆளுக்கு ஒரு இடது செருப்பு வரிசையில் இருக்கும். வலது செருப்போடு ஆள் வாகை மரநிழலில் இருப்பார். வரிசை நகரும்போது பக்கத்தில் நிற்பவர் எல்லாச் செருப்புகளையும் காலால் ஓரடி முன்னே தள்ளிவிடுவார். ஒருநாளும் சண்டை வந்ததில்லை. நல்ல ஏற்பாடுதான்.

ஆனால் செருப்புக்குத் தியானம் பழக்க முடியாது.

எனவே முதற் சீர்திருத்தமாகச் செருப்புகளை அகற்றி, அந்த இடத்தில் மனிதர்களையே உட்காரவைத்தேன். மொத்தம் அறுபத்திரண்டு பேர். நேரான வரிசைகள், சம்மணமிட்ட கால்கள், குனிந்த தலைகள். பின்னால் துவக்கோடு கடற்படையினர் நின்றதால் ஒழுங்குக்கும் குறைவிருக்கவில்லை.

இரண்டாம் வரிசையில், மூதூருக்கு அப்பால் கட்டைபறிச்சான் என்னும் ஊரைச் சேர்ந்த பூரணி. மடியில் ஒரு அலுமினியச் சட்டி. சட்டிக்குள் உமி, உமிக்குள் ஐஸ், ஐஸுக்குள் இன்சுலின் போத்தல் மூன்று. உமியில் புதைத்த ஐஸ் சுலபத்தில் கரையாது. இதுவும் நல்ல ஏற்பாடு. அவரது கணவர் குலசிங்கத்துக்குக் கடைசி ஊசி முந்தாநாள் போட்டதாம். ஆஸ்பத்திரியில் இன்றுதான் மருந்து கொடுத்தார்களாம். பூரணியின் உதடுகள் அசைந்துகொண்டிருந்தன.

“அம்மா, என்ன முணுமுணுக்கிறீர்கள்?”

“கோணேசரைக் கூப்பிடுறன், ஐயா. லோஞ்சி நேரத்துக்கு வரவேணும்.”

“அது வேண்டுதல். இது தியானம். இங்கே எதையும் எதிர்பார்க்கக் கூடாது.”

“லோஞ்சியையுமோ?”

“லோஞ்சியைத்தான் முதலில்.”

பக்கத்தில் மூதூர் ஸாலிஹா தஸ்பீஹ் மணியை உருட்டிக்கொண்டிருந்தார். கவனச் சிதறல். மணியை வாங்கி, உறையிலிட்டு, பெயரெழுதி வைத்துக்கொண்டேன்.

“ஏழு வருசமா இந்தத் துறையிலதான் ஓதுறன், சேர். ஒங்களுக்கு முந்தியே நாங்க தொடங்கிட்டம்.”

“பயிற்சி பெறாமல் ஓதியிருக்கிறீர்கள்” என்று அன்போடு திருத்தினேன்.

“அல்லாஹ்வுக்கு அது தெரியாமப் போச்சே!” என்றார் அவர். முன்வரிசையில் யாரோ சிரித்தார். இருபது நிமிடத் தியானம் தொடங்கியதற்கு அடையாளமாக என் கைமணியை அடித்தேன்.

என்ன அமைதி! கடலிலிருந்து லோஞ்சியின் இயந்திர ஒலி கேட்டது, வளர்ந்தது, பிறகு மெல்ல மெல்லத் தேய்ந்தது. மனம் ஆழ்ந்து போகும்போது வெளியொலிகள் தேயும் என்று எமது கையேட்டில் இருக்கிறது. இங்கே அது அறுபத்திரண்டு பேருக்கும் ஒரே நேரத்தில் நிகழ்ந்தது.

பூரணி கண்ணைத் திறந்தார். லோஞ்சி தன் பின்பக்கத்தைக் காட்டிக்கொண்டு குடாவைக் கடந்து போய்க்கொண்டிருந்தது. சட்டியோடு கரைக்கு ஓடினார். “அண்ணை! அண்ணை, திருப்புங்கோ!”

“அம்மா, இன்னும் நான்கு நிமிடம் இருக்கிறது” என்று நினைவூட்டினேன்.

காரணத்தை மறுநாட் காலை லோஞ்சி ஓட்டி ஸைனுலாப்தீனே வந்து விளக்கினார்.

“தூரத்தில வரக்குள்ள பாத்தன். சனம் வரிசையாக் குந்தியிருக்கு, தலை குனிஞ்சிருக்கு, ஒரு சத்தமில்ல. பின்னால துவக்கோட ஆக்கள். ஆக்களப் பிடிக்கிற சுத்திவளைப்பெண்டு நினைச்சுத் திருப்பிட்டன். செருப்பக் கண்டிருந்தா வந்திருப்பன், சேர்.”

பிறகு துறையிலேயே இரவைக் கழித்திருந்த பூரணியிடம் போனார். கட்டைபறிச்சான் ஆட்கள் மூதூர்த் துறையில் சொல்லியனுப்பிய செய்தியொன்றைத் தாழ்ந்த குரலில் சொன்னார். பூரணி சட்டியின் மூடியைத் திறந்தார். ஐஸ் நீரை உமியோடு கடலில் ஊற்றினார். திரும்பி வந்து, நேற்று நான் உட்காரவைத்த அதே இடத்தில் உட்கார்ந்து கண்ணை மூடிக்கொண்டார். உதடுகள் அசையவில்லை.

மதிப்பீட்டுப் படிவத்தில் ஒரு கேள்விதான் மீதமிருந்தது. குனிந்து மெதுவாகக் கேட்டேன்:

“அம்மா, மனம் அமைதியடைந்ததா?”

காலை லோஞ்சிக்குக் காத்திருந்த ஸாலிஹா எழுந்து வந்து தன் தஸ்பீஹ் இருந்த உறையை என் கையிலிருந்து பறித்துக்கொண்டார்.

“ஊசி வராமலே அவட மாப்பிள குலசிங்கம் இரவு உசிர் போய் மௌத்தாயிட்டாராம். அவ இனிக் கதைக்கமாட்டா. அமைதியெண்டே எழுதிக்கொள்ளுங்க, சேர். நீங்க குடுத்ததுதானே.”

எழுதிக்கொண்டேன். 'பலன்: நிரந்தரம்.'