சாமான்யர் ஒருவர் தேவை

நகராட்சித் தெருவிளக்குப் பிரிவின் கண்காணிப்பாளர் ஓய்வு பெற்றுப் போனதும் அவருடைய நாற்காலி காலியானது. அது சாதாரண நாற்காலி அல்ல. கை வைத்தது, உட்கார்ந்தால் சுழல்வது. பிரிவில் மற்ற எல்லாருக்கும் கையும் கிடையாது, சுழற்சியும் கிடையாது.

வரிசையில் அடுத்தவர் தலைமை எழுத்தர். மதியம் எல்லாரும் சாப்பிடப் போன நேரத்தில் அவர் அதில் ஏறி உட்கார்ந்து, இந்தப் பக்கம் ஒரு சுற்று, அந்தப் பக்கம் ஒரு சுற்று சுழன்று பார்த்துவிட்டார். வீட்டில் மனைவியிடம் சொல்லியாயிற்று. மனைவி சொந்தபந்தம் முழுக்கச் சொல்லியாயிற்று. இனி நாற்காலி கிடைக்காவிட்டால் நாலு பேர் முன்னால் தலைகாட்ட முடியாது என்கிற கட்டம் வந்ததும், சொல்லிவைத்த மாதிரி புதிய ஆணையர் வந்து சேர்ந்தார்.

ஆணையரின் சட்டையில் ஒரு வெள்ளிப் பொத்தான் மின்னியது. அதில் ஒரு மூளை, அந்த மூளைக்குள்ளே இன்னொரு மூளை. அதிநுண்ணறிவாளர் பேரவையின் அடையாளமாம் அது. வந்த வாரமே சுற்றறிக்கை விட்டார்: "நிர்வாகத் திறனை மேம்படுத்தும் பொருட்டு, இனி கை வைத்த நாற்காலிகளில் அமர்வோர் மேற்படி பேரவையின் சான்றிதழ் பெற்ற உறுப்பினராக இருத்தல் அவசியமெனக் கருதப்படுகிறது. கருதப்படாவிட்டாலும் அவசியமே."

நாற்காலி காலியாக இருந்ததால் தெருவிளக்கை அணைக்கும் உத்தரவில் கையெழுத்துப் போட ஆள் இல்லை. விளக்குகள் பட்டப்பகலிலும் எரிந்தன. புகார் சொல்ல வந்தவர்களிடம் தலைமை எழுத்தர், "இருட்டா இருந்தாலும் வர்றீங்க, வெளிச்சமா இருந்தாலும் வர்றீங்க. உங்களுக்கு என்னதான் வேணும்?" என்று கேட்டு அனுப்பினார். நியாயமான கேள்விதான்.

வீட்டில் மனைவி சுற்றறிக்கையைப் பற்றிக் கேட்டுவிட்டு, "அவ்வளவுதானே? என் தம்பி அந்தச் சங்கத்துலதானே இருக்கான்" என்றாள்.

தம்பி என்றால் பல் டாக்டர். அவனுக்கும் அந்தப் பொத்தான் உண்டு. பல் பிடுங்கும்போது கோட்டில் குத்திக்கொள்வான். வாயைத் திறந்து படுத்திருக்கிறவர்களுக்கு வேறு எதையும் பார்க்க வழியில்லை.

"அத்தான், பரீட்சை ஒண்ணும் கஷ்டம் இல்ல. எனக்கு இல்ல, அதைச் சொன்னேன்" என்றான் மைத்துனன்.

"எனக்கு?"

"நீங்க எழுதிப் பாருங்க. தைரியம் முக்கியம்."

பேரவைக்குச் சொந்தக் கட்டடம் கிடையாது. ஒரு நடனப் பள்ளியின் மாடியை ஞாயிற்றுக்கிழமைகளில் வாடகைக்கு எடுத்திருந்தார்கள். நாலு சுவரிலும் ஆளுயரக் கண்ணாடி. எந்தப் பக்கம் திரும்பினாலும் ஓர் அறிவாளியின் முகம் தெரிவதால் உறுப்பினர்களுக்கு அந்த இடம் ரொம்பப் பிடித்துப்போயிற்று.

தலைமை எழுத்தர் தலையைப் படிய வாரிக்கொண்டு போய்ப் பரீட்சை எழுதினார். 'இந்த வரிசையில் அடுத்து வரும் எண் எது?' என்று முதல் கேள்வி. இத்தனை வருஷ சர்வீசில் மேலே கேட்காமல் எந்த எண்ணையும் அவர் எழுதியது இல்லை. 'மேலிட உத்தரவு பெறப்பட்டவுடன் தெரிவிக்கப்படும்' என்று எழுதினார். 'ஐந்து பேர் பத்து நாளில் தோண்டும் பள்ளத்தைப் பத்துப் பேர் எத்தனை நாளில் தோண்டுவார்கள்?' என்றதற்கு, 'ஒப்பந்ததாரர் யார் என்பதைப் பொறுத்தது' என்று எழுதினார். 'கீழ்க்கண்ட உருவங்களில் பொருந்தாதது எது?' என்ற இடத்தில், எல்லா உருவங்களின் மீதும் விசாரணை நடத்தலாம் என்று பரிந்துரை செய்தார்.

முடிவு வந்த அன்று ஆணையரே அவரை அறைக்குக் கூப்பிட்டு அனுப்பினார். பேரவையின் தலைமைப் பரீட்சகரான கணிதப் பேராசிரியையும் அங்கே உட்கார்ந்திருந்தார்.

"உங்க ஐ.க்யூ. சரியா நூறு. மேலயும் இல்ல, கீழயும் இல்ல. மனுஷ குலத்தோட நட்ட நடு" என்றார் பேராசிரியை.

"அப்போ தோத்துட்டேனா மேடம்?"

"தோல்வியா? எத்தனை வருஷமா இப்படி ஓர் ஆளைத் தேடிக்கிட்டு இருக்கோம் தெரியுமா?" என்றார் ஆணையர். எழுந்து வந்து, இதுவரை யாருக்கும் நகர்த்தாத நாற்காலியைத் தலைமை எழுத்தருக்காக நகர்த்திப் போட்டார்.

விஷயம் இதுதான். பேரவைக்குச் செயலாளர் கிடையாது. ஆரம்பித்த நாளிலிருந்தே கிடையாது. வருஷா வருஷம் தேர்தல் மட்டும் தவறாமல் நடக்கும். எல்லா உறுப்பினர்களும் வேட்பாளர்கள், எல்லா உறுப்பினர்களும் வாக்காளர்கள். எண்ணிப் பார்த்தால் ஆளுக்கு ஒரு ஓட்டு விழுந்திருக்கும்.

"எல்லாரும் தனக்குத்தானே போட்டுக்கிறாங்களா சார்?" என்றார் தலைமை எழுத்தர்.

"அது சுயநலம் இல்ல, தர்க்கம்" என்றார் பேராசிரியை. "இருக்கிறதுலயே அறிவாளிதான் செயலாளரா வரணும். அடுத்தவங்க அறிவு எனக்கு எப்படி நிச்சயமாத் தெரியும்? என்னோடது மட்டும்தான் நிச்சயமாத் தெரியும். அப்போ நான் யாருக்குப் போடுவேன்?"

"எனக்கும் அதேதான்" என்றார் ஆணையர் பெருமூச்சு விட்டு.

செயலாளர் இல்லாததால் சான்றிதழில் கையெழுத்துப் போட ஆள் இல்லை. சான்றிதழ் இல்லாததால் பேரவையில் ஒருவர்கூட முறைப்படி உறுப்பினர் இல்லை. அத்தனை பேரும் தற்காலிக மேதைகளாகவே காலம் தள்ளிக்கொண்டிருந்தார்கள். பொத்தான் மட்டும் கடையில் கிடைத்தது.

"உங்களைச் சாமான்ய உறுப்பினரா சேர்த்துக்கிறோம். உங்களுக்கும் ஓட்டு உண்டு" என்றார் ஆணையர். "நீங்க யாராவது ஒருத்தருக்குப் போட்டா அவருக்கு ரெண்டு ஓட்டு. செயலாளர் வந்துடுவார். வந்த கையோட உங்க சான்றிதழ்ல கையெழுத்துப் போடுவார். அன்னிக்கே அந்த நாற்காலியில நீங்க உட்காரலாம்."

"யாருக்கு வேணும்னாலும் போடலாமா சார்?"

"யாருக்கு வேணும்னாலும்" என்றார் ஆணையர். பேராசிரியை படியிறங்கிப் போனதும் கதவைச் சாத்திவிட்டு, "எனக்குப் போடுங்க" என்றார்.

அன்றைக்குப் பிடித்தது தலைமை எழுத்தருக்கு ராஜயோகம். காத்தாடி சுழலாத அவருடைய மேஜைக்கு மேலே புதுக் காத்தாடி வந்தது. பேராசிரியை வீடு தேடி வந்து, பழுதாகிக் கிடந்த அழைப்பு மணியைத் தானே ஸ்டூல் போட்டு ஏறிச் சரிசெய்துவிட்டு, "நான் வந்ததை யார்கிட்டயும் சொல்ல வேண்டாம்" என்று மணியை அடித்துக் காட்டிவிட்டுப் போனார். மைத்துனன் பல் கூச்சமே இல்லாத அத்தானுக்கு மூன்று தடவை பல் சுத்தம் செய்தான். தலைமை எழுத்தர் சிரித்தால் கண் கூசியது.

இதற்கு நடுவில் பேரவைக்கு ஒரு பயம் பிடித்துக்கொண்டது. தேர்தலுக்குள் இந்த ஆளுக்கு அறிவு வளர்ந்துவிட்டால்? உடனே சாமான்யப் பராமரிப்பு உபகுழு ஒன்று அமைக்கப்பட்டது. உபகுழு வீட்டுக்கு வந்து சதுரங்கப் பலகையைப் பறிமுதல் செய்தது. செய்தித்தாள் வீட்டுக்குள் வருமுன் குறுக்கெழுத்துப் பகுதி கத்தரிக்கப்பட்டது. பாதாம் பருப்பு போடக் கூடாது என்று மனைவிக்கு எழுத்துமூலம் அறிவுறுத்தப்பட்டது.

"இவருக்கு நான் எந்தக் காலத்துல பாதாம் போட்டேன்?" என்றாள் மனைவி.

"அப்படியே மெயின்டெயின் பண்ணுங்கம்மா" என்றது உபகுழு, மனம் நிறைந்து.

அவர்கள் போனதும் மனைவி கணவர் பக்கம் திரும்பினாள். "என்னங்க, யாருக்குப் போடறதா இருக்கீங்க?"

"ஆணையருக்குத்தான். வாக்குக் கொடுத்திருக்கேன்."

"என் தம்பிக்கு?"

"அவனுக்கும் கொடுத்திருக்கேன்."

"அந்த டீச்சரம்மாவுக்கு?"

"மணி நல்லா அடிக்குதேன்னு அவங்களுக்கும் கொடுத்துட்டேன்."

"இதோ பாருங்க" என்றாள் அவள். "யாருக்கு வேணும்னாலும் போட்டுத் தொலைங்க. என் தம்பிக்குப் போடலைன்னு கோவிச்சுக்க மாட்டேன். அந்த நாற்காலி மட்டும் வந்துடணும். ஊர் பூரா சொல்லிவெச்சிருக்கேன்." அவள் கண்ணில் தண்ணீரே வந்துவிட்டது. தலைமை எழுத்தரும் கண்ணைத் துடைத்துக்கொண்டார். மனுஷனுக்கு அந்த நாற்காலி மேல் அவ்வளவு ஆசை.

தேர்தல் நாள் வந்தது. கண்ணாடி மாடியில் நாற்பது சொச்சம் மேதைகளும் கூடியிருந்தார்கள். கண்ணாடியில் பார்த்தால் ஆயிரக்கணக்கில் தெரிந்தார்கள். மூலையில் திரை கட்டி, ஒவ்வொருவராக உள்ளே போய் ஓட்டுப் போட்டுவிட்டு, வேறு யாருக்கோ போட்டுவிட்டு வந்தவர்கள் மாதிரி முகத்தை வைத்துக்கொண்டு வெளியே வந்தார்கள். கடைசியாகத் தலைமை எழுத்தர் போனார்.

வாக்குச்சீட்டில் எல்லார் பெயரும் இருந்தது. பேனாவை எடுத்து ஆணையரின் பெயருக்கு நேரே கொண்டுபோனார். இந்த ஆளா என்று தோன்றியது. போன வாரம்தான் கோப்பைத் தலைகீழாகப் பிடித்துக்கொண்டு, ஆழமான விஷயம் என்று சொன்னவர். மைத்துனன்? வலிக்கிற பல்லை விட்டுவிட்டு அடுத்த பல்லைப் பிடுங்கி, அதுவும் நாளைக்கு வலிக்கத்தான் போகுது என்று விளக்கம் சொன்னவன். பேராசிரியை? மணி அடிக்கிறது, வாஸ்தவம். அன்றிலிருந்து நிறுத்தவே முடியவில்லை.

அப்படியே இறங்கி வந்தவர் சீட்டின் அடியில் தன் பெயரைப் பார்த்தார். அவரும் உறுப்பினர் அல்லவா, உறுப்பினர் எல்லாம் வேட்பாளர் அல்லவா? அச்சில் தன் பெயரைப் பார்த்து எத்தனையோ வருஷமாகிவிட்டது. பள்ளிக்கூடத்தில் வகுப்புத் தலைவர் தேர்தலில் நின்றபோது கூட அவருக்கு யாரும் ஓட்டுப் போட்டதில்லை. பாவமாக இருந்தது. தனக்கே தன்னை நினைத்து அப்படி ஒரு இரக்கம் சுரந்தது. நூறு பேர் ஆயிரம் சொன்னாலும், இத்தனை பேரிலும் கொஞ்சம் விவரம் தெரிந்தவன் நான்தானே என்று நினைத்தார். அடுத்தவர்களைப் பற்றி என்ன நிச்சயம்?

கை தானாகப் போய் டிக் அடித்தது.

பேராசிரியை எண்ணிக்கையை வாசித்தார். ஆணையருக்கு ஒன்று. பல் டாக்டருக்கு ஒன்று. தனக்கு ஒன்று. ஒன்று, ஒன்று என்று வாசித்துக்கொண்டே போனார். கடைசிப் பெயருக்கு வந்து, மூக்குக்கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு, "ஒன்று" என்றார்.

சுழல்கிற நாற்காலி தன்னை விட்டுச் சுழன்று போவது தலைமை எழுத்தருக்கு அப்போதுதான் உறைத்தது. இப்படி நம்ம வாயில நாமே மண்ணைப் போட்டுக்கிட்டோமே என்று மனசு அடித்துக்கொண்டது.

ஆணையர் மெதுவாக எழுந்தார். திட்டப்போகிறார் என்று நினைத்தால், அவர் முகத்தில் அப்படி ஒரு மலர்ச்சி. தன் சட்டையிலிருந்த வெள்ளிப் பொத்தானைக் கழற்றி வந்து தலைமை எழுத்தரின் சட்டையில் குத்தினார்.

"நாம பரீட்சை வெச்சதுதான் தப்பு. இவர் நம்ம ஆளுங்க" என்றார்.

அரங்கம் எழுந்து நின்று கைதட்டியது. மைத்துனன் ஓடி வந்து கட்டிக்கொண்டான். தலைமை எழுத்தருக்குப் பெருமை தாங்கவில்லை, துக்கமும் தாங்கவில்லை. அன்றிலிருந்து அவரும் ஒரு தற்காலிக மேதை. நாற்காலி இன்னும் காலியாகத்தான் இருக்கிறது.

வேறொரு சாமான்யரைத் தேட வேண்டியதாயிற்று. பொறுப்பைத் தலைமை எழுத்தரிடமே கொடுத்தார்கள். முதலில் மனைவியிடம், "நீயே சாமான்யரா பேர் குடேன்" என்றார். அவள் பார்த்த பார்வையில் அன்றைக்கு அவருக்குச் சாப்பாடு கிடையாது. அலுவலகத்தில் கேட்டார். ஒவ்வொருவரும் பக்கத்து மேஜையைக் காட்டினார்கள். சுவரெல்லாம் விளம்பரம் ஒட்டினார்: 'சாமான்யர் ஒருவர் தேவை. தகுந்த மரியாதை அளிக்கப்படும்.' ஒரு ஈ காக்கைகூட வரவில்லை. வீடு வீடாக ஏறி இறங்கினார். "அடுத்த வீட்டுல கேளுங்க சார், அங்கே கண்டிப்பா கிடைப்பாங்க" என்று எல்லா வீட்டிலும் சிரித்த முகமாகச் சொன்னார்கள்.

ஆகவே இதைப் படிக்கும் அன்பர்களுக்கு ஒரு பணிவான அறிவிப்பு. பதவி இன்னும் காலியாகவே இருக்கிறது. விருப்பமுள்ளவர்கள் தங்கள் பெயரைத் தாங்களே அனுப்பலாம். பக்கத்து வீட்டுக்காரர் பெயரை மட்டும் தயவுசெய்து அனுப்ப வேண்டாம். அந்த மாதிரிப் பெயர்கள் மூட்டை மூட்டையாக வந்து கிடக்கின்றன, உங்களுடையதும் அதில் இருக்கிறது.