அட்டமி, நவமி, வாடகைக் கார்

என் வாழ்க்கையில் நான் செய்த பெரிய பிழைக்கு அம்மாதான் கடைசிவரை பழி சுமந்தார். நான் பக்கத்தில் நின்று தலையாட்டினேன்.

யுத்த காலம். பிலிமத்தலாவையில் அம்மா, தங்கை வாசுகி, நான் என்று மூன்று பேர். அப்பா விட்டுப்போன பழைய காரில் ஒருநாள் லொறி மோதியது. (கார் ஓரமாக நின்றது. நான் கடலை வாங்கிக்கொண்டிருந்தேன்.) அதைத் திருத்தி முடியும்வரை இன்சூரன்ஸ் செலவில் ஒரு வாடகைக் கார் கிடைத்தது. வெள்ளைக் கார். அதில் ஏறியதும் நானே லண்டன் மாப்பிள்ளை மாதிரி ஒரு கையால் ஓட்டத் தொடங்கினேன்.

காரைத் தந்த கண்டிக்காரர் தெளிவாகத்தான் சொன்னார். "திருத்த முடியாது, முழு நட்டம்னு கடிதம் வந்தா இன்சூரன்ஸ் அன்னைக்கோட வாடகையை நிப்பாட்டிரும். அன்னைக்கே காரைக் கொண்டாந்து விட்டுருங்க தம்பி."

கடிதம் செவ்வாய்க்கிழமை வந்தது. வெள்ளிக்கிழமை காலை, ராகுகாலத்துக்கு முன், கண்டிக் கோயிலில் வைத்து மாப்பிள்ளை வீட்டார் வாசுகியைப் பார்ப்பதாக ஏற்பாடு. நிஜமான லண்டன் மாப்பிள்ளை. ஞாயிறு திரும்பிப் பறக்கிறார்.

"இண்டைக்குச் செவ்வாய். நாளைக்கு அட்டமி, அடுத்த நாள் நவமி. இன்சூரன்ஸ் கந்தோர்க் கடிதம் உடைக்கிற நாளோ தம்பி? பிள்ளையின்ர காரியம் முடிஞ்சு வந்து உடைப்பம்," என்று அம்மா அதன் நான்கு மூலையிலும் மஞ்சள் பூசினார்.

"ஓம் அம்மா, அதுதான் சரி," என்றேன். அட்டமி நவமியை நான் மதித்தது அந்த ஒருமுறைதான். ஏனென்றால் அம்மா மஞ்சள் எடுக்கப் போன நேரத்தில் கடிதத்தை யன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்திருந்தேன். 'முழு நட்டம்' என்ற வார்த்தைகள் நிழலாகத் தெரிந்தன. மூன்று நாளில் என்ன வந்துவிடும்? கோயில் வாசலில் வெள்ளைக் காரில் போய் இறங்க வேண்டாமா?

வெள்ளிக்கிழமை பேராதனைப் பாலத்தடியில் மறித்தார்கள். கார் திரும்பி வரவில்லை என்று பொலிஸில் முறைப்பாடு இருந்தது. காணாமல் போன கார், உள்ளே மூன்று தமிழர். அப்படி இறக்கப்பட்டுத் திரும்பாதவர்களை எனக்குத் தெரியும். வாசுகி பட்டுச்சேலையோடு பொலிஸ் நிலைய வாங்குப் பலகையில் குனிந்த தலை நிமிராமல் இருந்தாள்.

"கார் எப்படிக் கிடைத்தது?" என்று சிங்களத்தில் கேட்டார் அதிகாரி. "இன்சூரன்ஸ்," என்றேன். (எனக்கிருந்த சிங்களம் அந்த ஒரு சொல்லோடு ஓடிவிட்டது.) அம்மா கைப்பையிலிருந்து மஞ்சள் பூசிய கடிதத்தை எடுத்து நீட்டினார். நல்ல காரியத்துக்குத் துணையாக இருக்கட்டும் என்று அதையும் கொண்டுவந்திருந்தார்.

"ஏன் உடைக்கவில்லை?"

நல்ல நேரத்துக்காகக் காத்திருந்ததாக அம்மா திக்கித் திணறிச் சொன்னார். அதிகாரிக்குப் புரிந்தது, அவர் வீட்டிலும் நேரம் பார்ப்பார்கள்தானே. சிரித்துக்கொண்டே கடிதத்தை உடைத்தார். மணி பத்து நாற்பது. சுத்த ராகுகாலம்.

கார்க்காரர் வந்து எங்களை அடையாளம் காட்டி, சாவியை வாங்கிக்கொண்டு போகப் பின்னேரம் இரண்டு மணி. மாப்பிள்ளை வீட்டார் கோயிலில் காத்திருந்து களைத்துப் போய்விட்டார்கள். "பொலிஸ் வரைக்கும் போன குடும்பம் எங்களுக்குச் சரிவராது," என்று தரகரிடம் சொல்லியனுப்பினார்கள். அதன்பின் வந்த கலியாணப் பேச்சுக்கால் எதுவும் பொருந்தவில்லை. வாசுகி பள்ளிக்கூடத்தில் படிப்பித்து, ஓய்வும் பெற்றுவிட்டாள்.

"என்ர அட்டமியாலதான் பிள்ளையின்ர வாழ்க்கை போச்சுது," என்று அம்மா சாகும்வரை சொன்னார். நான் ஒவ்வொரு முறையும் தலையாட்டினேன்.

அம்மாவின் முப்பத்தோராம் நாள் காரியத்தன்று, சொந்தக்காரர் நிறைந்த வீட்டுக்கு ஒரு தபால் வந்தது. வாசுகி வாசல் படலையிலேயே அதை உடைத்து வாசித்தாள். பிறகு வெறும் உறையை என்னிடம் நீட்டினாள்.

"அண்ணா, நீங்கள் வெளிச்சத்தில பிடிச்சுப் பாருங்கோ."

எல்லோரும் சிரித்தார்கள், ஏனென்று தெரியாமலே. இன்றைக்கும் எந்தக் கடிதம் வந்தாலும் உறை எனக்குத்தான். என் பிள்ளைகளும் அதைப் பழகிக்கொண்டார்கள். நானும் வாங்கி, யன்னலில் பிடித்துப் பார்த்து, அவர்களோடு சேர்ந்து சிரிக்கிறேன்.