கண்டக்குழியில் ஒரு பூங்கா

மாப்பிள்ளை வீட்டார் வரும் நாளில் கால் உடைந்த கதிரையை அறைக்குள் தள்ளிவிட்டு, பக்கத்து வீட்டுத் திரைச்சீலையை இரவல் வாங்கி மாட்டுவது எங்கள் ஊரில் பொய்யாகாது. அது விருந்தாளிக்குச் செய்யும் மரியாதை. அதே மரியாதையைப் பிரதேச சபையின் காணித் திட்டத்துக்கும் செய்தவள் நான். (படித்த பெண் என்றால் சும்மாவா.)

எங்கள் வீட்டில் பள்ளிக்கூடத்தைக் கடைசிவரை பார்த்து, பட்டமும் வாங்கிய முதல் ஆள் நான். கையில் ஒரு பேனை இருந்தால் எங்கள் ஊரான கண்டக்குழியின் கடலே ஒதுங்கி வழிவிடும் என்ற நினைப்பில் திரிந்த காலம் அது. அப்போதுதான் எங்கள் மகளிர் சங்கத்துக்கு அந்த உதவி கிடைத்தது. கடற்கரைக் காணிகளில் எது விடுதிக்கு, எது மீன்பிடிக்கு, எது பொதுவுக்கு என்று சபை திட்டம் போடப்போகிறது. அதில் ஊர்ச் சனமும் வாய் திறக்க வேண்டும். அதற்கான தாள், சாயம், தேத்தண்ணி, புத்தளத்துக்கு பஸ் செலவு, எனக்கு ஒரு பயிற்சி எல்லாவற்றுக்கும் ஒரு நிறுவனம் பணம் தந்தது. பயிற்சியில் ஒரே விஷயத்தைத்தான் திரும்பத் திரும்பச் சொன்னார்கள். ஊரில் இருப்பதை வரையுங்கள். நீங்கள் பாவிக்கும் இடம் வரைபடத்தில் இல்லாவிட்டால் அது வெறும் காணியாகத்தான் கணக்கில் வரும்.

நான் தலையாட்டிக் கேட்டேன். முன்வரிசையில் இருந்து தலையாட்டினேன்.

பாலர் பாடசாலையில் பெண்கள் கூடினார்கள். பெரிய தாளை நிலத்தில் விரித்து, தூரிகையை நானே பிடித்தேன். சங்கத் தலைவி ரஹ்மத்து மாமி தாளைப் பார்த்து முகம் சுளித்தார்.

"சபையில இருந்து ஆக்கள் பாக்கப் போறாங்க புள்ள. ஊர் கொஞ்சம் வடிவா இரிக்க வேணாமா?"

"இருக்கிறதைத்தான் மாமி கீறோணும்."

"அந்தக் கூரையில்லாத கட்டடம் இரிக்கிதானே. கூரை போட்டா நூலகம். கூரையும் போட்டுக் கீறு."

போட்டேன். அதன்பின் ஆளுக்கொரு ஆசை சொன்னார்கள். வீதி நெடுகத் தெருவிளக்குகள் வந்தன. மீனை ஐஸ் போட்டு வைக்கும் கொட்டகையாக ஒரு மடுவம் வந்தது. ஊரை ஒட்டிய களப்பு நீரின் காற்று யன்னலால் வந்து தாளின் ஓரத்தைத் தூக்கித் தூக்கிப் பார்த்தது. ஈரச் சாயத்தில் மினுங்கிய அந்த ஊர், நான் பிறந்த ஊரின் பணக்காரத் தங்கச்சிபோல் இருந்தது.

கடைசியாகத் தூரிகை கடற்கரைக்கு வந்தது. தோணிகளுக்கும் விடுதி வேலிக்கும் இடையில் என் உம்மாவும் இன்னும் சில பெண்களும் கருவாடு காயவைக்கும் வாடி. பள்ளிக்கூடத்தில் என் வெள்ளைச் சீருடையை முகர்ந்து பார்த்துப் பிள்ளைகள் தள்ளி இருந்ததெல்லாம் அந்த வாடியின் புண்ணியத்தில்தான். உம்மா அன்று கூட்டத்துக்கு வரவில்லை; வெயில் இறங்குமுன் மீனைப் புரட்ட வேண்டும். நான் வாடியின் மேல் பச்சைச் சாயத்தைப் பூசினேன். பூச்செடிகள் வைத்தேன். உட்கார வாங்குகள் போட்டேன். மேலே அழகாக எழுதினேன்: பூங்கா.

ஒருவரும் மறுக்கவில்லை. பூங்கா அவ்வளவு வடிவாக இருந்தது.

வரைபடத்தை அனுப்பிய சில நாட்களில் சபையின் திட்டமிடல் மிஸ் வந்தார். சிலாபம் பக்கத்துச் சிங்களப் பெண், நல்ல தமிழ். கையில் எங்கள் வரைபடம். அன்ஸார் நானாவின் ஆட்டோவில் வந்து இறங்கி, "வாங்க, நடந்து பாப்பம்" என்றார். இப்படி ஒருவர் ஊருக்குள் நடந்து பார்ப்பார் என்று நான் கனவிலும் நினைக்கவில்லை.

"நூலகம் எங்க?"

ரஹ்மத்து மாமி முன்னால் வந்தார். "இண்டைக்குப் பூட்டு மிஸ்."

"கூரையும் இல்லையே."

"காத்துக் காலம்தானே. பூட்டினா கூரையையும் கழட்டி வச்சிட்டுத்தான் போவாங்க."

மிஸ் ஏதோ குறித்துக்கொண்டார். தெருவிளக்குகளைத் தேடி நிமிர்ந்து பார்த்தார்.

"அது பகல்ல தெரியாது மிஸ்" என்றார் அன்ஸார் நானா, மிகுந்த பணிவுடன்.

ஒருவரும் சிரிக்கவில்லை. விருந்தாளியின் மனம் கோணக் கூடாது. படித்த பிள்ளையின் முகம் கறுக்கக் கூடாது. அதற்காக ஊரே மெல்லிய குரலில் கதைத்தது. களப்புக்கு மேலே நீரில் சறுக்கி விளையாடும் வெள்ளைக்காரரின் காற்றாடிப் பட்டங்கள் சத்தமில்லாமல் மிதந்தன. வெயில் பால்போல் மணலில் பரவிக் கிடந்தது. அந்த மயக்கத்தில் நடக்க நடக்க, இல்லாத விளக்குகளின் நிழல்கள் வீதியில் விழுவதைக் கண்டேன். கூரையில்லாத கட்டடத்துக்குள் யாரோ புத்தகம் புரட்டும் சத்தம்கூடக் கேட்டது. (தென்னோலை.) இன்னும் கொஞ்சத்தூரம் நடந்திருந்தால் ஐஸ் மடுவத்தில் குளிர்ந்திருப்பேன்.

அப்போது கருவாட்டு வாசனை வந்தது.

"இது பூங்காவா?" என்றார் மிஸ்.

"பூ இப்ப சீசன் இல்ல மிஸ்" என்றார் மாமி.

"அப்ப நல்லது. பக்கத்து விடுதிக்காரர் வாகனம் நிப்பாட்ட இடம் கேட்டிருக்கார். பூங்காதானே, வேற இடத்துல போடலாம். இதுல ஒருத்தரும் தொழில் செய்யலதானே?"

மிஸ் திரும்பி, மீன் காயும் பாயோரம் நின்ற பெண்ணைப் பார்த்தார். "நீங்க இங்க என்ன செய்யிறீங்க?"

அந்தப் பெண் என் உம்மா. முழங்கைவரை உப்பு. பின்னால் பாய்பாயாக நெத்தலி வெள்ளியாக மின்னியது. உம்மா மிஸ்ஸைப் பார்த்தார். வரைபடத்தைப் பார்த்தார். என் முகத்தைக் கொஞ்சநேரம் பார்த்தார்.

"சும்மா மிஸ்" என்றார். "பார்க்குல காத்து வாங்க வந்தன்."

கனவு அந்த இடத்தில் அறுந்தது. எனக்காக உம்மா தன் வாடியையே விட்டுக்கொடுத்து நிற்கிறார். அதுவும் கையில் ஒரு பிடி நெத்தலியோடு.

"பார்க் இல்ல மிஸ்" என்றேன். குரல் தவளைபோல் வந்தது. "இது எங்கட உம்மாட வாடி. இந்தக் கருவாட்டுலதான் நான் படிச்சன். பார்க்கை நான்தான் கீறினன்."

"விளக்கு?"

"இல்ல மிஸ்."

"ஐஸ் மடுவம்?"

"அதுவும் இல்ல."

"நூலகத்தையாவது விடு புள்ள" என்று மாமி என் முதுகுக்குப் பின்னால் முணுமுணுத்தார்.

மிஸ் கவிழ்த்து வைத்த மீன்பெட்டியில் உட்கார்ந்து, தாளைத் திருப்பி வெறும் பக்கத்தை மேலே வைத்தார். "சரி. எது இருக்கோ அதைச் சொல்லுங்க." முகத்தில் சிரிப்பில்லை, தோள் மட்டும் குலுங்கியது. வெயில் இறங்கும்வரை உம்மா வாடியின் எல்லையை நடந்து காட்ட, நான் பென்சிலால் கீறினேன்.

திட்டம் வெளியானபோது அந்த இடம் கருவாடு காயவைக்கும் பொது நிலம் என்று வந்தது. வாகனங்கள் வேறு பக்கம் போயின. ஆனால் சபையின் வேறொரு பிரிவுக்கு எங்கள் முதல் வரைபடத்தின் பிரதி ஏற்கெனவே போய்விட்டதால், ஒருநாள் லொறி ஒன்று வந்து பூங்காவுக்கென்று சீமெந்து வாங்குகளை இறக்கிவிட்டுப் போனது. வேண்டாம் என்று சொல்ல எனக்கு முகமில்லை. சீமெந்துச் சூட்டில் நெத்தலி சீக்கிரம் காய்கிறது என்று உம்மாவுக்கு இப்போது பெரிய திருப்தி.

வீட்டுக்கு யாராவது வந்து உம்மாவைக் கேட்டால் வாப்பா சிரிக்காமல் சொல்கிறார்: "மகள் கட்டின பார்க்குல காத்து வாங்குறா. மழை வந்தா மீனோட வருவா."